வெள்ளச்சியின் இடக்காது

அனுமந்தன்பட்டி
14.6.2002

அன்புள்ள கொழுந்தியாள் பஞ்சவர்ணத்துக்கு மதினி அன்னத்தாய் எழுதிக்கொண்டது. இங்கன நானும் உங்கண்ணனும் பசுமாடும் சுகம். மூணு பேரில் மாடு மட்டும்தான் சொன்ன பேச்சுக் கேட்கிறது. மெட்ராசில் நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கிடக்கிறாயா?

நீயே கதை எழுதி நீயே படம் வரைந்த புத்தகம் வந்து சேர்ந்தது. 'கொடிக்குள் யாரு?' என்ற பேரைப் பார்த்ததும் திருடன் போலீஸ் கதையாக்கும் என்று பிரித்தேன். பார்த்தால் நம்ம வீடு. ஊதாக் கதவு, வாசலில் திராட்சைப் பந்தல், விரிசல் விட்ட துவைகல், உங்கண்ணனுடைய டிவிஎஸ் வண்டி. நம்பரைக்கூட விடவில்லையே நீ. உங்கண்ணன் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "இனிமே போலீஸ்காரன் மறிச்சா இந்தப் பொஸ்தகத்தைக் காட்டிருவேன்" என்றாக.

பந்தலுக்கு அடியில் ஆட்டுக்கு அகத்திக்கீரை போடுகிற அந்த மலை நான்தானே? இடுப்புக்கே பாதிப் பக்கத்தைச் செலவழித்தவள், மூக்குத்தியை விட்டுவிட்டாயே. உங்கம்மா எனக்கு ஆசையாகப் போட்டது அது ஒன்றுதான். அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

முத்துப்பேச்சி வந்திருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், எங்க வருசநாட்டுக்காரி. ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே மலையடியில் ஆட்டுக்காரன் சின்னக்கருப்புக்கு வாக்கப்பட்டவள். இந்தத் தடவை மணிக்கட்டு வீங்கியிருந்தது. படியில் விழுந்தேன் என்றாள். அவள் வீட்டில் படியே கிடையாது. சிரிக்கட்டும் என்று புத்தகத்தைக் காட்டினேன். என் இடுப்பைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. ஆட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "இந்தப் பொஸ்தகம் எந்தெந்த ஊருக்குக்கா போகும்?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும். நீ எழுது. மற்றதை மெதுவாக எழுதினாலும் அதை மட்டும் சீக்கிரம் எழுது.

இப்படிக்கு, புத்தகத்தில் ஏறிவிட்ட
மதினி அன்னத்தாய்

சென்னை
28.6.2002

அன்புள்ள மதினிக்கு,

நான் நலம். சாயத்தண்ணீரைக் குடிக்கவில்லை, டீக்குள் தூரிகையை நனைத்தது மட்டும் உண்டு. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இடுப்பு நான் கூட்டியதல்ல. கண்ணால் பார்க்காத எதையும் நான் வரைவதில்லை. பொங்கலுக்கு வந்தபோது பந்தலடியில் உட்கார்ந்து பென்சிலில் எடுத்தவைதான் எல்லாம். இங்கே வந்து வண்ணம் மட்டும் கொடுத்தேன். மூக்குத்தி என் பிழை. அன்று நீங்கள் ஆட்டின் பக்கம் குனிந்தே இருந்தீர்கள்.

அந்த ஆடு வெள்ளச்சிதான் இந்தப் புத்தகமே. ஒரு சிறுமி அதைத் தேடுகிறாள். பக்கத்துக்கு ஒரு வரிதான் எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்றின் பின்னாலிருந்து அதன் இடக்காது மட்டும் எட்டிப் பார்க்கும். நுனி நேராக வெட்டுப்பட்டு, ஓரத்தில் இரண்டு பல் பதிந்தாற்போல இருக்கிற அந்தக் காது. குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் ஆட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வேலிமுள் கிழித்ததோ என்னவோ, பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. நம் வீட்டில் எப்போதும் மாடுதானே, ஆட்டை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே அன்றுதான். பதிப்பகத்து அம்மா, "இந்தக் காதுக்காகவே வாங்குவார்கள்" என்கிறார்.

முத்துப்பேச்சி அக்கா கேட்டதற்குப் பதில்: நல்ல சேதி. தேனி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு இதை மொத்தமாக வாங்குகிறார்கள். ஆகஸ்டில் ஊர் ஊராக வந்துவிடும். அவர் மகள் பவுன்தாய் தன் வகுப்பிலேயே உட்கார்ந்து படிப்பாள் என்று சொல்லுங்கள்.

வேலை நெருக்கம். உங்கள் கேலிக்குக் காத்திருக்கும்,
பஞ்சவர்ணம்

அனுமந்தன்பட்டி
5.7.2002

அன்புக் கொழுந்தியாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். முழங்கால் வலி உங்கண்ணனுக்கு வேலை இருக்கிற நாளில் மட்டும் வருகிறது.

ஒரு சின்ன விசயம். அந்தப் புத்தகத்தைத் தேனி மாவட்டத்துக்கு மட்டும் விடாமல் நிறுத்தச் சொல்ல முடியுமா? தஞ்சாவூர், திருநெல்வேலி, எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இங்கன வேண்டாம். உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறினால் பிள்ளைகள் எல்லாம் என் இடுப்பைப் பார்த்துச் சிரிக்கும், நான் கூச்சத்தில் செத்துப்போவேன். சிரிக்காதே, நிசமாகத்தான் கேட்கிறேன்.

அதுவும் முடியாது என்றால் காதை மாற்று. ஒரு காதுதானே. முழுக் காதாகப் போட்டால் ஆடு கோபித்துக்கொள்ளவா போகிறது?

வெள்ளச்சி இப்போது இங்கே இல்லை. வருசநாட்டில் எங்கண்ணன் வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். போனில் பேசலாம் என்றால் பூத்துக்காரர் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு மீதியை அவரே போட்டு ஊருக்குச் சொல்கிறார். அதனால் கடிதமே எழுது. உடனே எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தினமும் வம்புக்கு இழுக்கும்,
அன்னத்தாய்

சென்னை
2.8.2002

அன்புள்ள மதினிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதீர்கள். அடுத்த புத்தகத்துக்கு மீன்சந்தையில் போய் வரைந்துகொண்டிருந்தேன், காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது தேறிவிட்டது. அண்ணன் சுகம்தானே?

உங்கள் கடிதத்தைப் பதிப்பகத்தில் படித்துக் காட்டினேன். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. உங்கள் இடுப்பைப் பற்றி ஒரு குழந்தையும் கவலைப்படாது. புத்தகக் கட்டுகள் போன வாரமே தேனிக்கு லாரி ஏறிவிட்டன. காதை மாற்றினால் பதினாறு பக்கத்தையும் மாற்ற வேண்டும், மதினி. அது ஒரு காதல்ல, மொத்தப் புத்தகமே அதைப் பிடித்துத்தான் தொங்குகிறது.

அடுத்த படத்தில் உங்களை ஒல்லியாகப் போடுகிறேன்.

அன்புடன்,
பஞ்சவர்ணம்

அனுமந்தன்பட்டி
24.8.2002

அன்புக் கொழுந்தியாளுக்கு, உன் காய்ச்சல் முழுசாக விட்டதா? கஞ்சி குடி. இங்கன உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை.

நேற்று சின்னக்கருப்பு வந்தான். கூட அவன் ஊர்ப் பெரியவர் ரெண்டு பேர். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. கக்கத்தில் உன் புத்தகம். பள்ளிக்கூடத்தில் கொடுத்ததாம். பவுனு அதை வீட்டுக்குக் கொண்டுபோய், "அப்பா, இங்க பாரு, நம்ம ஆடு" என்று காட்டியிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை, ஆசையாகத்தான் காட்டியிருக்கும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அது வேலிமுள் கிழித்த காதில்லை. மலையில் பல மந்தை கலந்து மேயும். எந்த ஆடு யாருடையது என்று தெரியக் காதில் வெட்டி விடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு, ஒருவர் வெட்டை இன்னொருவர் போட மாட்டார். நீ வரைந்திருப்பது சின்னக்கருப்பு வீட்டு வெட்டு.

உங்கண்ணன் முன்னால் புத்தகத்தை விரித்தான்.

"இது ஒங்க வீட்டுக் கதவுதான?"

"ஆமப்பா."

"இது ஒங்க வண்டி நம்பருதான?"

"ஆமா."

"கதவு ஒங்களுது, வண்டி ஒங்களுது. காது மட்டும் எப்பிடி எங்களுதா இருக்கு?"

உங்கண்ணன் முழித்தாக. "வீட்ல நின்னது எம் மச்சினன் ஆடு. காதை யாருய்யா பாத்தா" என்றாக. அவுக சொன்னது நிசம்தான். என் காதில் கம்மல் இருக்கிறதா இல்லையா என்றே அவுகளுக்குத் தெரியாது.

ஒரு வருசமாக அவன் மந்தையில் ஆடு குறைகிறதாம். "செந்நாய் அடிச்சிருச்சுன்னு எம் பொண்டாட்டி சொன்னா, நம்புனேன். அந்தச் செந்நாய் டிவிஎஸ்ல வந்திருக்கு" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஆவணி கடைசி வெள்ளி அவர்கள் ஊர்க் கருப்பசாமி கோயிலில் உங்கண்ணன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். வராவிட்டால் திருடன்தான் என்று ரெண்டு ஊருக்கும் சொல்லிவிடுவார்களாம்.

நீ ஒரே ஒரு கடிதம் எழுதி அனுப்பு, அங்கே படிக்கிற மாதிரி. அந்தக் காது நானாகப் போட்டது, நிசத்தில் இல்லை என்று எழுது. ஏன் என்று கேட்காதே. இதை உங்கண்ணன் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவாக. இப்போதே தலைமாட்டில் நின்று எழுத்துப்பிழை பார்க்கிறாக.

மதினி அன்னத்தாய்

சென்னை
29.8.2002

மதினிக்கும் அண்ணனுக்கும்,

உடல் நலமே. மனம் சரியில்லை.

மூன்று தடவை உட்கார்ந்தேன், அப்படி ஒரு கடிதம் எழுத வரவில்லை. அந்த ஆடு நம் பந்தலில் நின்றது. அந்தக் காதை என் கண்ணால் பார்த்தேன். பொங்கலுக்கு மறுநாள் என்று தேதி போட்டு வரைந்த தாள் என் மேசை மேல் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் போய் நிற்கும்போது பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பார்த்ததை வரையுங்கள், நானும் பார்த்ததைத்தான் வரைகிறேன். காது பொய் என்றால் கதவும் பொய், நீங்களும் பொய். அப்புறம் என்னிடம் என்ன மிச்சம்?

இதைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அண்ணே, அந்த ஆடு எப்படி நம் வீட்டுக்கு வந்தது? எடுத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சூடத்தின் முன்னால் போய்ப் பொய் சொல்ல வேண்டாம். அதற்கு என் கையெழுத்தும் வேண்டாம்.

பஞ்சவர்ணம்

கம்பம்
3.9.2002

பஞ்சவர்ணத்துக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பஞ்சம்மாளிடம் கொடுத்து மலைக்கு மேலே போடச் சொல்லியிருக்கிறேன். முத்திரை மலையாளத்தில் இருந்தால் பயப்படாதே. படித்ததும் அடுப்பில் போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாக. "எந் தங்கச்சியே கேட்டுட்டா" என்று ஒரு வார்த்தைதான். அவுகளுக்கு ஒன்றுமே தெரியாது. பொய் சொல்ல வராத மனுசனிடம் நிசத்தைக் கொடுத்துவைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லவில்லை.

வெள்ளச்சி முத்துப்பேச்சி ஆடு. அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா வருசநாட்டிலிருந்து ஓட்டிவிட்ட சீர் ஆட்டின் வம்சம். தாய்வீட்டு ஆடும் அது போடுகிற குட்டியும் பொம்பளைக்குத்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் வந்த வாரமே சின்னக்கருப்பு காதில் தன் வெட்டைப் போட்டான். அதற்கப்புறம் குடிக்க வேண்டும் என்றால் ஒன்றைப் பிடித்து விற்பான். ஏன் என்று கேட்டால் அடி. ஆட்டுக்கும் அடையாளம் போட்டான், அவளுக்கும் போட்டான். ஒரு தடவை பிள்ளையோடு வெறுங்கையாகக் கிளம்பி, மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டில் இருக்கிற அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பிழைக்க வழியில்லாமல் திரும்பி வந்தாள். வந்த அன்று அவள் வாங்கியதை நான் எழுத மாட்டேன். எனக்கு எழுத வராது.

அதனால் இந்தத் தடவை ஆடுகள் முதலில். ஒவ்வொன்றாக நம்ம வீட்டுக்கு ஓட்டிவருவாள், வீட்டில் செந்நாய் என்பாள். நான் வருசநாட்டுக்கு அனுப்புவேன். அந்தக் காதோடு இங்கே எந்தச் சந்தையிலும் விற்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அந்த வெட்டை யாருக்கும் தெரியாது. ஆடுகள் அங்கே அவள் அக்காவிடம் சேர்ந்ததும் இவளும் பவுனும் போவதாக ஏற்பாடு. அதற்குள் நீ காதை வரைந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொடுத்துவிட்டாய்.

அந்தக் காது நிசம் என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி, நம்ம வீட்டில் ஆட்டைக் கொண்டுவந்து விட்டது யார் என்பதுதான். உங்கண்ணன் மானம் போனால் மூன்று மாசத்தில் திரும்பி வரும். அவள் உயிர் வராது.

நீ பார்த்ததைத்தான் வரைவாய். சரி ஆத்தா. முத்துப்பேச்சியின் கன்றிப்போன கையையும் பொங்கலுக்கு நீ பார்த்தாய். அதை ஏன் வரையவில்லை?

நான் கேட்ட கடிதம் வெள்ளிக்கு முன்னால் வரவேண்டும்.

அன்னத்தாய்

சென்னை
8.9.2002

ஊர்ப் பெரியவர்களுக்கு, அனுமந்தன்பட்டி பிச்சைமணியின் தங்கை பஞ்சவர்ணம் பணிவுடன் எழுதுவது. நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

'கொடிக்குள் யாரு?' என்ற சிறுவர் புத்தகத்தை எழுதி வரைந்தவள் நான். அதில் உள்ள ஆட்டின் காது பற்றி உங்களுக்கு வருத்தம் ஏற்பட்டதாக அறிந்தேன். எங்கள் வீட்டில் நின்ற ஆட்டின் காது எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. ராயப்பன்பட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது வழியில் ஒரு மந்தை குறுக்கே வந்தது. அதில் ஓர் ஆட்டின் காது வேடிக்கையாக இருந்தது. அதை எடுத்து இந்த ஆட்டுக்கு ஒட்டவைத்துவிட்டேன். காதில் வெட்டுவது அடையாளத்துக்காக என்பதே எனக்குத் தெரியாது. இந்த மண்ணில் பிறந்தும் தெரியாமல் வரைந்தது என் அறியாமை.

அடுத்த அச்சில் திருத்திவிடுவேன். என் தவறுக்காக என் அண்ணனைச் சந்தேகிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பி. பஞ்சவர்ணம்

அனுமந்தன்பட்டி
15.9.2002

அன்புள்ள கொழுந்தியாளுக்கு, நாங்கள் சுகம். இன்று உங்கண்ணன் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாக.

உன் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. அதுவரை தபால்காரரோடு வம்பிழுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். அந்த ஊர் வாத்தியார் உன் கடிதத்தைப் படித்தார். படித்து முடித்ததும் எல்லாரும் சின்னக்கருப்பு பக்கம் திரும்பினார்கள். சின்னக்கருப்பு கூட்டத்தைப் பார்க்கவில்லை, பொம்பளைகள் பக்கம் நின்ற முத்துப்பேச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போனால் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் உன்னை விற்றேன், மன்னித்துக்கொள். "அய்யா, அவ சின்னதுலயே அப்பிடித்தான்" என்று ஆரம்பித்தேன். "கெடா எது பொட்டை எதுன்னு தெரியாம கெடாகிட்டப் போயி செம்பை வச்சுக்கிட்டு உக்காந்தவ. அப்பன் ஆசையா வச்ச பஞ்சவர்ணங்கிற பேரையே பொஸ்தகத்துல பாதியா வெட்டி வர்ணான்னு வச்சுக்கிட்டா. பேரை வெட்டுனவளுக்கு ஆட்டுக்காதை வெட்ட எம்புட்டு நேரமாகும்? எனக்கு மூக்குத்தி இருக்கிறதே அவளுக்குத் தெரியல, பாருங்க" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரு கிழவர், "மூக்குத்தி தெரியல, இடுப்பு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான், கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

முத்துப்பேச்சியும் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அது சிரிப்புத்தானா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. சின்னக்கருப்பு அதையும் பார்த்தான். அப்புறம் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

உங்கண்ணன் சூடத்தை அணைத்தாக. உடனே அவன், "அவரு நல்ல மனுசன். மதினியும் அணைக்கட்டும்" என்றான். நானும் போனேன். "ஒருத்தர் பொருளை அவுக சம்மதம் இல்லாம இந்தக் கை தொட்டதில்ல" என்று சொல்லி அணைத்தேன். கருப்பசாமிக்கு அது நிசம் என்று தெரியும். கை மட்டும் இன்னும் எரிகிறது.

இப்போது இந்தப் பக்கம் உனக்குப் பேரு 'காது தெரியாத மெட்ராசுக்காரி'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. உனக்கு அது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பதில் போடு. திட்டியாவது போடு.

மதினி அன்னத்தாய்

சென்னை
20.11.2002

அன்புள்ள மதினிக்கு,

திட்ட நினைத்துத்தான் இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். அண்ணனிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் பதிலில், மாடு கன்று போட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டப்பெயர் இங்கேயும் வந்துவிட்டது. தேனியில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டு, அந்தப் பெயரைச் சொல்லித்தான் மேடையேற்றினார்கள். சிரித்துக்கொண்டே ஏறினேன். பார்த்ததை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லத்தான் எழுந்தேன். வேறு ஏதோ பேசிவிட்டு இறங்கினேன்.

முத்துப்பேச்சி அக்கா கையை ஏன் வரையவில்லை என்று கேட்டீர்களே. ஆட்டை வரைந்த அன்று அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பென்சிலைக் கூர் தீட்டும்போது அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் அச்சு வருகிறது. பதினாறு பக்கத்தையும் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன். இனிமேல் எட்டிப் பார்ப்பது வால். பதிப்பகத்து அம்மாவுக்கு என் மேல் கோபம். காரணம் சொல்லவில்லை.

அங்கே என்ன நடக்கிறது? கிளம்பிவிட்டார்களா? ஒரு வரியாவது எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சவர்ணம்

அனுமந்தன்பட்டி
22.1.2003

அன்புக் கொழுந்தியாளுக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. என்ன எழுதினாலும் யார் கையிலாவது சிக்கும் என்று எழுதவில்லை. இங்கன எல்லாரும் இருக்கிறோம்.

ஆடுகள் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன, அவர்களும் தீபாவளிக்கு முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டியது. முத்துப்பேச்சிக்கு முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது, நடக்க விடாமல் காய்ச்சல். இந்தத் தடவை அவள் படி என்றுகூடச் சொல்லவில்லை. கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்தோம். நீ எழுதியபோது அவளுக்கு அந்த நிலை. அதை எப்படி உனக்கு ஒரு வரியில் எழுதுவேன்?

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை விடிகாலையில் கம்பத்தில் தோட்டத்து ஜீப்பு வரிசையாக நிற்கும், உனக்குத் தெரியும். ஒரு ஜீப்பில் எத்தனை பொம்பளைகள் ஏறுகிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. பஞ்சம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் நடுவே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் பிள்ளையைப் படுக்கவைத்து அவளும் ஏறினாள். கேரள எல்லை கம்பம்மெட்டு தாண்டியதற்குச் சேதி சாயங்காலம் வந்தது. அதுவரை நான் ஒரே பானையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சின்னக்கருப்பு தனியாக வந்தான். அன்றைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். துவைகல்லில் உட்கார்ந்து கதவைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "மதினி, அந்தப் பொஸ்தகத்துல இருந்த காது நெசந்தான?" என்று கேட்டான்.

உங்கண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாக. அவுகதான் திரும்பாமலே சொன்னாக: "எந் தங்கச்சிக்குக் காது தெரியாதுப்பா. ஊருக்கே தெரியும்."

அவன் எழுந்து போய்விட்டான்.

உங்கண்ணன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அதுதான். எப்போது தெரிந்துகொண்டாகளோ. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "ஒங்காதுல ஏன் கம்மலைக் காணோம்?" என்று மட்டும் கேட்டாக. ஜீப்பில் ஏறும்போது அவள் கையில் அழுத்தியதை எப்படிச் சொல்வேன்? தொலைந்துவிட்டது என்றேன். "செந்நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாக.

நீ பத்திரமாக இரு.

மதினி அன்னத்தாய்

அனுமந்தன்பட்டி
20.7.2003

அன்புள்ள காது தெரியாத கொழுந்தியாளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். கன்று துள்ளுகிறது, உங்கண்ணன் துள்ளவில்லை. உன் கண்ணெரிச்சல் எப்படி இருக்கிறது? விளக்கை வைத்து வரையாதே, பகலில் வரை.

புதுப் புத்தகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வால் எட்டிப் பார்க்கிறது. கதவுக்குப் பச்சை அடித்துவிட்டாய், வண்டிக்கு நம்பரே இல்லை. உங்கண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கடைசிப் பக்கத்தில் ஆடு முழுசாக நிற்கிறது, பக்கத்தில் குத்தவைத்து அதைக் கட்டிப்பிடித்திருக்கிற மலை நான். என் கை அதன் இடக்காதை முழுக்க மூடியிருக்கிறது. மூக்குத்தி போட்டுவிட்டாய். இடுப்பைக் குறைப்பேன் என்றாயே, அது மட்டும் அப்படியே இருக்கிறது. காதை மூடிய கையின் மணிக்கட்டில் லேசாக ஒரு ஊதா நிறம் பூசியிருக்கிறாய். வளையல் நிழல் என்றார் வாத்தியார். இருக்கட்டும். என் கையில் அது இல்லை என்று எனக்கும் உனக்கும் தெரியும்.

ஒரு புத்தகத்தைப் பஞ்சம்மாளிடம் மலைக்குக் கொடுத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. முத்துப்பேச்சி எழுத மாட்டாள். பவுனு உனக்கு என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். ஏலக்காய்ச் செடிக்குள் ஒரு குட்டி ஆடு. கால் அஞ்சு மாதிரி இருக்கிறது, அதைப் பார்க்காதே. காதைப் பார். ரெண்டும் முழுசாக இலை மாதிரி இருக்கின்றன.

பஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏய் பவுனு, காதுல வெட்டை விட்டுட்டியே" என்றாளாம்.

"இது வெள்ளச்சி இங்க வந்து போட்ட குட்டி. இதுக்கு யாரும் வெட்டல" என்றாளாம் பிள்ளை. "நான் பாத்துத்தான் வரைஞ்சேன்."

மதினி
அன்னத்தாய்